இதயத்துடிப்புக் கருவி பொருத்தப்படுபவர்களுக்கும் உடனிருந்து கவனிப்பவர்களுக்கும்: முதல் நாளிலிருந்து ஒரு வழிகாட்டி

பேஸ்மேக்கர் பரிசோதனைக்கு முதல்முறை வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது, "உங்களுக்கு எதற்காக இந்தக் கருவியை வைத்தார்கள்?" என்பதைத்தான். "இதயம் பலவீனமாம்" என்பார் ஒருவர். "அடைப்பு இருந்ததாம்" என்பார் இன்னொருவர். "இரண்டு தடவை மயங்கி விழுந்தேன், உடனே வைத்துவிட்டார்கள்" என்பார் மூன்றாமவர். கருவியைத் தயாரித்த நிறுவனத்தின் பெயரை ஞாபகம் வைத்திருப்பவர்கள்கூட, அது தங்கள் உடலில் எந்த வேலையைச் செய்கிறது, எந்த வேலையைச் செய்யாது என்பதை அறியாமலே வீடு திரும்பிவிடுகிறார்கள். பின்னால் வரும் பயங்களில் பெரும்பகுதியும், சில வேளைகளில் உண்மையான ஆபத்தும், இந்த அறியாமையிலிருந்துதான் கிளம்புகின்றன. பல ஆண்டுகளாக இப்பணியில் இருப்பவன் என்ற முறையில், புதிதாக இந்த வாசலுக்கு வருபவர்கள் அறிந்திருக்க வேண்டியவற்றை, அவை தேவைப்படும் வரிசையிலேயே இங்கு எழுதுகிறேன். உங்கள் மருத்துவர் உங்களுக்கென்று தனியாகச் சொன்ன ஒன்று இதிலிருந்து மாறுபட்டால், அவர் சொன்னதையே பின்பற்றுங்கள்.

1. கோளாறின் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்

இதயத்தின் வலது மேலறையின் உச்சியில் சைனஸ் கணு என்ற சிறிய திசுப்பகுதி உள்ளது. ஓய்வாக இருக்கும்போது நிமிடத்துக்கு 60 முதல் 100 முறை அங்கிருந்து மின்தூண்டல் கிளம்பி, மேலறைகளைச் சுருங்கச் செய்து, நடுவிலுள்ள ஏ.வி. கணுவில் சற்றே தாமதித்து, கீழறைகளின் சுவர்களில் பரவியிருக்கும் கடத்தும் நார்கள் வழியாக இறங்குகிறது. தூண்டல் கிளம்பும் இடம் தளர்ந்துபோனாலோ, இறங்கும் வழியில் தடை ஏற்பட்டாலோ, துடிப்பு குறைகிறது அல்லது இடையிடையே நின்று நின்று வருகிறது. இந்தத் தடையை மருத்துவர்கள் 'ஹார்ட் பிளாக்' என்கிறார்கள். இரத்தக் குழாயில் கொழுப்பு சேர்ந்து ஏற்படும் அடைப்புக்கும் இதற்கும் நேரடித் தொடர்பு இல்லை. பெயர் ஒன்றுபோல் ஒலிப்பதால் பலர் இரண்டையும் ஒன்றாக நினைத்துக்கொண்டு, ஸ்டென்ட் வைத்தால் போதாதா என்று கேட்கிறார்கள். ஒன்று இதயத்தின் மின்வழியில் ஏற்படும் பழுது, மற்றது இரத்தக் குழாயில் ஏற்படும் பழுது.

இதற்கு எதிர்ப்புறத்தில் துடிப்பு அளவுக்கு மீறி ஓடும் கோளாறுகள் இருக்கின்றன. மேலறைகள் தாறுமாறாக நடுங்கும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன், திடீரென்று தொடங்கித் திடீரென்று நின்றுவிடும் எஸ்.வி.டி., கீழறைகளில் தோன்றி உயிரையே பறிக்கக்கூடிய வி.டி., வி.எஃப். ஆகியவை இவற்றில் முக்கியமானவை. எஸ்.வி.டி. உள்ள பெரும்பாலோருக்கு எந்தக் கருவியும் தேவையில்லை. தவறான மின்பாதையைக் கதிரலை வெப்பத்தால் சுட்டு அழிக்கும் அப்லேஷன் என்ற சிகிச்சையிலேயே அது குணமாகிவிடும்.

எனவே முதல் வேலையாக உங்கள் கோளாறு வேகக் குறைவா, வேக மிகுதியா, அதன் பெயர் என்ன என்பதை மருத்துவரிடம் கேட்டு ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். இன்னும் நோய் உறுதியாகவில்லை என்றால், தொல்லை நேரும் அந்த நேரத்திலேயே எடுக்கப்படும் இ.சி.ஜி.யைவிடப் பெரிய சான்று எதுவும் இல்லை. படபடப்பு அடங்கி, மருத்துவமனை வரிசையில் உட்கார்ந்து எடுக்கும் இ.சி.ஜி. பெரும்பாலும் சாதாரணமாகவே இருக்கும். அதை வைத்து 'ஒன்றும் இல்லை' என்று நிம்மதி அடைந்துவிடக் கூடாது. 24 அல்லது 48 மணி நேரம் அணிந்திருக்கும் ஹோல்ட்டர் கருவியைக் கட்டிக்கொண்டால், தலைசுற்றல் வந்த நேரத்தை மணி, நிமிடக் கணக்கில் குறித்து வையுங்கள். குறிப்பு இல்லாத ஹோல்ட்டர் பதிவு பாதிப் பயன்தான் தரும். மாதத்துக்கு ஒருமுறையோ ஆண்டுக்கு இரண்டு முறையோ மட்டும் மயக்கம் வருபவர்களுக்கு, விரல் நுனி அளவுள்ள லூப் ரெக்கார்டரை நெஞ்சுத் தோலுக்கு அடியில் பொருத்தி ஆண்டுக்கணக்கில் பதிவு செய்யலாம். அது பதிவு மட்டுமே செய்யும், எந்தச் சிகிச்சையும் அளிக்காது.

2. எந்தக் கருவி, எதற்கு

பேஸ்மேக்கர் துடிப்பு குறைந்தவர்களுக்கானது. இதயம் தானாகத் துடிக்கிறதா என்று அது ஒவ்வொரு துடிப்பையும் கவனித்துக்கொண்டிருக்கும். குறித்த நேரத்துக்குள் துடிப்பு வராவிட்டால் மட்டும் நாம் உணராத அளவுக்குச் சிறிய மின்தூண்டலைத் தரும். 1958 அக்டோபர் 8ஆம் தேதி, ஸ்வீடனின் ஸ்டாக்ஹோம் நகரில், ஒரு நாளில் பல தடவை மயங்கி விழுந்துகொண்டிருந்த 43 வயது ஆர்னே லார்சனுக்கு, பொறியாளர் ரூனே எல்ம்க்விஸ்ட் செய்து தந்த கருவியை அறுவைச் சிகிச்சை நிபுணர் ஓகே சென்னிங் பொருத்தினார். உடலுக்குள் முழுவதுமாக வைக்கப்பட்ட முதல் பேஸ்மேக்கர் அதுதான். சில மணி நேரத்தில் அது செயலிழந்தது. ஆனால் லார்சன் தம் வாழ்நாளில் மொத்தம் 26 கருவிகளை மாற்றிக்கொண்டு, 86ஆம் வயதில், 2001இல், இதயத்தோடு தொடர்பில்லாத புற்றுநோயால் இறந்தார். பேஸ்மேக்கர் வைத்துவிட்டால் ஆயுள் எண்ணப்பட்டுவிட்டது என்று கலங்குபவர்களிடம் நான் தவறாமல் இவரைப் பற்றிச் சொல்வேன்.

ஐ.சி.டி. என்பது வி.டி., வி.எஃப். போன்ற உயிருக்கு ஆபத்தான வேகத் துடிப்புகளுக்கானது. 1980 பிப்ரவரியில், மிஷெல் மிரோவ்ஸ்கியும் அவருடைய குழுவினரும் பல ஆண்டுகள் உழைத்து உருவாக்கிய இக்கருவி, அமெரிக்காவின் பால்டிமோரிலுள்ள ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் முதன்முதலாக ஒரு மனிதருக்குப் பொருத்தப்பட்டது. ஆபத்தான ஓட்டத்தைக் கண்டவுடன், முதலில் வேகமான சிறு தூண்டல்களால் அதை அடக்கப் பார்க்கும். அடங்காவிட்டால் ஷாக் கொடுக்கும். ஒருமுறை இதயம் நின்று பிழைத்தவர்களுக்கும், இதயத்தின் பம்ப் திறன் 35 சதவீதமோ அதற்குக் கீழோ உள்ளவர்களில் தகுதியானவர்களுக்கும் இது வைக்கப்படுகிறது. இரண்டாவது வகையினர் பலருக்கு எந்தத் துடிப்புத் தொல்லையும் இருந்திருக்காது. 'எனக்கு ஒன்றுமே இல்லையே, எதற்கு இது' என்று அவர்கள் கேட்பது நியாயமானதே. வரக்கூடிய ஒன்றுக்கான காவலாக அது வைக்கப்படுகிறது என்பதையும், பலவீனமான இதயத்தை அது வலுப்படுத்தாது என்பதையும் முன்கூட்டியே விளக்கிச் சொல்லிவிட வேண்டும்.

சி.ஆர்.டி. கருவி இதயத்தின் இரு கீழறைகளும் ஒன்றுக்கொன்று முன்பின்னாகச் சுருங்குவதைச் சரிசெய்து, இதயச் செயலிழப்பைக் குறைக்க முயல்கிறது. லீடு என்பது கருவியை இதயத்தோடு இணைக்கும் மெல்லிய மின்கம்பி. லீடு இல்லாத பேஸ்மேக்கர், தொடைச் சிரை வழியாகக் கொண்டுபோய் வலது கீழறையிலேயே ஊன்றப்படும் சிறு குப்பி போன்றது. இதற்கு நெஞ்சில் தழும்பும் இருக்காது, தோலுக்கடியில் பையும் இருக்காது. தோலுக்கடியில் மட்டுமே லீடு செல்லும் ஐ.சி.டி.யும் உண்டு. ஆனால் துடிப்பு குறைந்தால் தொடர்ந்து தூண்டித் தாங்கும் வேலையை அது செய்யாது. ஆகையால் 'எனக்கு வைத்திருப்பது பேஸ்மேக்கரா, ஐ.சி.டி.யா, சி.ஆர்.டி.யா, எத்தனை லீடு' என்பதைத் தெளிவாகக் கேளுங்கள். அவசர நேரத்தில் 'ஏதோ மெஷின் வைத்திருக்கிறார்கள்' என்ற பதிலை வைத்துக்கொண்டு எந்த மருத்துவராலும் எதையும் முடிவுசெய்ய இயலாது.

3. பொருத்துவதற்கு முன்னும் அன்றும்

உண்ணும் எல்லா மருந்துகளையும் பட்டியலிட்டுக் கொடுங்கள். இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து சாப்பிடுபவர்கள் தாங்களாகவே அதை நிறுத்திவிட்டு வருவது நான் அடிக்கடி பார்க்கும் தவறு. எந்த மருந்தை நிறுத்துவது, எதைத் தொடர்வது, எத்தனை நாள் என்பது ஆளுக்கு ஆள் மாறும். பக்கவாத அபாயம் அதிகமுள்ள சிலருக்கு வார்ஃபரினை நிறுத்தாமலே கருவியைப் பொருத்துகிறார்கள். காய்ச்சலோ, உடலில் ஆறாத புண்ணோ, சிறுநீர்த் தொற்றோ இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். கிருமி தங்கிவிட்டால் பிறகு கருவியையே எடுக்க நேரிடும் என்பதால், அவசரம் இல்லாத நிலையில் ஒரு வாரம் தள்ளிப்போடுவது நட்டம் அல்ல. எந்தக் கையால் எழுதுவீர்கள், வேலை செய்வீர்கள் என்பதையும் கூறுங்கள். பெரும்பாலும் அதற்கு மறுபக்கத்தில்தான் கருவியை வைப்பார்கள்.

பொருத்துவது பெரும்பாலும் மரத்துப்போகும் ஊசி போட்டு, கேத் லேப் எனப்படும் இதயச் சிகிச்சை அறையில், ஓரிரு மணி நேரத்தில் முடிகிற வேலை. காறை எலும்புக்குக் கீழே சிறு கீறல் போட்டு, சிரை வழியாக லீடுகளை இதயத்துக்குள் செலுத்தி, அவற்றின் அளவுகளைச் சோதித்த பின் கருவியோடு இணைத்து, தோலுக்கடியில் பை அமைத்து மூடுவார்கள். நுரையீரல் உறையில் காற்று புகுதல், இரத்தக் கட்டு, லீடு நகர்தல், அரிதாக இதயச் சுவரில் துளை ஏற்படுதல் ஆகியவை இதன் அபாயங்கள். இவற்றைக் கண்டுபிடிக்கத்தான் மறுநாள் எக்ஸ்ரேயும் கருவிப் பரிசோதனையும் செய்கிறார்கள். மூச்சுத் திணறலோ, நெஞ்சு வலியோ, நிற்காத விக்கல் போன்ற வயிற்றுத் துடிப்போ இருந்தால் 'இதெல்லாம் சகஜம்தானே' என்று பொறுத்துக்கொள்ளாமல் சொல்லுங்கள். விக்கல் போன்ற துடிப்பு, லீடின் தூண்டல் உதரவிதானத்தைத் தொடுவதன் அறிகுறியாக இருக்கலாம்.

4. முதல் ஆறு வாரங்கள்

காயம் ஆறும்வரை, அதாவது மருத்துவமனையில் சொன்ன நாள்வரை, அதில் தண்ணீர் படக் கூடாது. களிம்பு, பவுடர், மஞ்சள் எதையும் தடவக் கூடாது. கருவி இருக்கும் பக்கத்துக் கையைத் தோளுக்கு மேலே உயர்த்துவதையும், கனமான பொருளைத் தூக்குவதையும் நான்கு முதல் ஆறு வாரங்கள் தவிர்க்க வேண்டும். புதிய லீடின் நுனி இதயத் தசையோடு ஒட்டிப் பிடிக்கும் காலம் அது.

இதைக் கேட்டுவிட்டு ஒரு பெரியவர் கையை மார்போடு சேர்த்துத் துண்டால் கட்டிக்கொண்டு, இரவும் பகலுமாக இரண்டு மாதம் அப்படியே இருந்தார். பரிசோதனைக்கு வந்த அன்று சட்டையைக் கழற்ற அவரால் முடியவில்லை. கருவி மிக நன்றாக இருந்தது, தோள்தான் இறுகிப்போயிருந்தது. அதைச் சரியாக்க அவர் மாதக்கணக்கில் பிசியோதெரபிக்குப் போக வேண்டியிருந்தது. கையை உயர்த்தக் கூடாது என்று எச்சரித்த நாங்கள், எதையெல்லாம் செய்யலாம் என்று அவரிடம் விளக்காதது எங்கள் பிழை. அதனால் இப்போது ஒவ்வொருவரிடமும் செய்துகாட்டியே அனுப்புகிறேன். முழங்கையை மடக்கி நீட்டலாம். தோள் உயரம்வரை கையை முன்னும் பக்கவாட்டிலும் மெல்லக் கொண்டுபோகலாம். சாப்பிடலாம், எழுதலாம், முகம் கழுவலாம், சட்டைப் பொத்தான் போடலாம். தலை வாருவதற்கு மட்டும் மறு கையைப் பயன்படுத்துங்கள். கருவியை விரலால் உருட்டிப் பார்ப்பதும் திருகுவதும் கூடாது. அப்படித் திருகித் திருகி லீடையே சுருட்டி இழுத்துவிட்டவர்கள் உண்டு.

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டுமே மனப்பாடம் செய்ய முடியும் என்றால், இந்தப் பத்தியைச் செய்யுங்கள். கருவி இருக்கும் இடத்தில் சிவப்பு, சூடு, வீக்கம், நீர் அல்லது சீழ்க் கசிவு, தோல் மெலிந்து கருவியின் விளிம்பு தெரிதல் ஆகிய எதையாவது கண்டால், அது பொருத்திய ஒரு வாரத்தில் வந்தாலும் ஐந்து ஆண்டு கழித்து வந்தாலும், கருவி வைத்த மையத்துக்கே போக வேண்டும். அருகிலுள்ள யாரும் அந்த வீக்கத்தில் ஊசி குத்தி நீரை எடுக்க விடக் கூடாது. உள்ளே இல்லாத கிருமியை அந்த ஊசியே கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். ஆன்டிபயாட்டிக் மாத்திரையை மட்டும் சாப்பிட்டுக் காலம் கடத்தவும் கூடாது. கருவியிலும் லீடிலும் ஒட்டிக்கொண்ட கிருமியை மருந்து மட்டும் அழிக்காது. பெரும்பாலும் முழுக் கருவித்தொகுதியையும் அகற்றியே தீர வேண்டும். தாமதிக்கும் ஒவ்வொரு வாரமும் இரத்தத்தில் தொற்று பரவும் வாய்ப்பைக் கூட்டுகிறது. காரணம் தெரியாமல் விட்டு விட்டு வரும் காய்ச்சலுக்கும் இது பொருந்தும். இரத்தப் பரிசோதனைக்கு முன்பே ஆன்டிபயாட்டிக் தொடங்கிவிட்டால் கிருமியைக் கண்டுபிடிப்பது கடினமாகிவிடும் என்பதால், கருவி இருப்பதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.

5. அட்டையும் நாடியும்

மருத்துவமனையிலிருந்து கிளம்பும்போது ஓர் அடையாள அட்டை தருவார்கள். கருவியின் வகை, மாடல் எண், லீடுகளின் விவரம், பொருத்திய தேதி, மருத்துவமனை ஆகியவை அதில் இருக்கும். அதைப் பெட்டியில் பூட்டி வைக்காமல், இரு பக்கமும் ஒளிப்படம் எடுத்து உங்கள் கைப்பேசியிலும் குடும்பத்தில் இருவர் கைப்பேசியிலும் சேமித்து, அட்டையைச் சட்டைப்பையில் வைத்திருங்கள். அட்டையில் இல்லாத இரண்டு விவரங்களையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஒன்று, கருவியில் நிர்ணயித்துள்ள குறைந்தபட்சத் துடிப்பு. மற்றது, ஐ.சி.டி. என்றால் எத்தனை துடிப்புக்கு மேல் போனால் அது தலையிடும் என்பது.

நாடி பார்ப்பதை வீட்டில் ஒருவராவது கற்றுக்கொள்ள வேண்டும். ஐந்து நிமிடம் உட்கார்ந்த பிறகு, உள்ளங்கை மேல்நோக்கி இருக்க, கட்டைவிரலின் அடியில் மணிக்கட்டுப் பள்ளத்தில் மறுகையின் நடு மூன்று விரல்களையும் மெல்ல வைத்து, கடிகாரத்தைப் பார்த்து முழு ஒரு நிமிடம் எண்ணுங்கள். பதினைந்து விநாடி எண்ணி நான்கால் பெருக்கும் பழக்கம் சீரற்ற துடிப்பில் ஏமாற்றும்.

60 என்று நிர்ணயித்த கருவியோடு இருப்பவருக்கு, விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் 38 என்று காட்டியதால், நள்ளிரவில் குடும்பமே பதறி அவரை அழைத்துவந்த நிகழ்ச்சி எனக்கு நினைவிருக்கிறது. அவரோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். இ.சி.ஜி. எடுத்தால் துடிப்பு 76 இருந்தது. ஒவ்வொரு சாதாரணத் துடிப்புக்கும் அடுத்து, உரிய நேரத்துக்கு முந்தியே ஒரு துடிப்பு வந்துகொண்டிருந்தது. முந்தி வரும் துடிப்பில் இதயம் நிரம்புவதற்கு முன்பே சுருங்கிவிடுவதால் அந்த அலை மணிக்கட்டையோ விரலையோ எட்டுவதில்லை, ஆகவே ஆக்சிமீட்டர் காட்டும் எண் பாதியாகத் தெரியும். பேஸ்மேக்கர் தன் வேலையைச் சரியாகவே செய்துகொண்டிருந்தது. எண் குறைவாகத் தெரிந்து உடல் நன்றாக இருந்தால், மறுநாள் தகவல் சொல்லி இ.சி.ஜி. எடுத்தால் போதும். எண் குறைவோடு மயக்கம், கண் இருட்டல், மூச்சிரைப்பு சேர்ந்துகொண்டால் அப்போதே புறப்பட வேண்டும். இரவில் உறங்கும்போது துடிப்பு 50 வரை இறங்கும்படி சிலருக்கு அமைத்திருப்பார்கள் என்பதையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

6. பரிசோதனை நாளில் என்ன நடக்கும்

பொருத்திய மூன்று மாதத்துக்குள் முதல் பரிசோதனை. அதன்பின் கருவிக்கும் நோய்க்கும் ஏற்ப ஆறு மாதத்துக்கு அல்லது ஆண்டுக்கு ஒருமுறை. புரோகிராமர் எனப்படும் கணினி கம்பியில்லாமல் கருவியோடு பேசும். ஊசி கிடையாது, வலி கிடையாது. பேட்டரி அளவு, லீடுகளின் மின்தடை, இதயத்தின் சொந்தத் துடிப்பைக் கருவி எவ்வளவு தெளிவாக உணர்கிறது, எத்தனை சதவீதம் தூண்டியிருக்கிறது ஆகியவை திரையில் வரும். பிறகு, இதயத்தைத் துடிக்கவைக்க எவ்வளவு குறைந்த மின்னழுத்தம் போதும் என்று பார்ப்பதற்காகப் படிப்படியாக அளவைக் குறைப்போம். ஒரு கணம் துடிப்பு தவறியதுபோல், தலை லேசானதுபோல் இருக்கும். உடனே பழைய அளவுக்குத் திரும்பிவிடும். அந்தக் குறைந்தபட்ச அளவுக்கு மேல் போதிய பாதுகாப்பு இடைவெளி விட்டே நிலையான அளவை அமைக்கிறோம். வீட்டில் வைக்கும் கண்காணிப்புப் பெட்டியோ கைப்பேசிச் செயலியோ தந்திருந்தால், அதை அணைக்காமல் படுக்கைக்கு அருகில் வைத்திருங்கள். அது தகவல் அனுப்பும் கருவியே தவிர, இருபத்துநான்கு மணி நேரமும் யாரோ பார்த்துக்கொண்டிருக்கும் அவசர சேவை அல்ல.

வரும்போது மருந்துப் பட்டியலையும், தொல்லை வந்த தேதி நேரங்களையும் எழுதி வாருங்கள். கருவியின் நினைவகத்தில் அந்த நிமிடப் பதிவு இருக்கிறதா என்று தேடிப் பார்க்க அது மிகவும் உதவும்.

7. காந்தமும் மின்சாரமும்

வீட்டு மின்சாதனங்களில் பெரும்பாலானவற்றை அஞ்ச வேண்டியதில்லை. தொலைக்காட்சி, மைக்ரோவேவ், கணினி, சலவை இயந்திரம் எல்லாம் பழுதின்றி இருந்தால் பயன்படுத்தலாம். மின்கசிவு உள்ள சாதனம் வேறு கதை. உடலில் பாயும் கசிவு மின்சாரத்தை ஐ.சி.டி. ஆபத்தான துடிப்பு என்று தவறாக எண்ணி ஷாக் கொடுக்கக்கூடும். கைப்பேசி, ஸ்மார்ட் வாட்ச், காதில் மாட்டும் ஹெட்போன், வயர்லெஸ் சார்ஜர் ஆகியவற்றில் காந்தம் இருப்பதால், அவற்றைக் கருவியிலிருந்து 15 செ.மீ. தள்ளியே வைத்திருங்கள். மறுபக்கக் காதில் வைத்துப் பேசலாம், நெஞ்சுப் பையில் போடக் கூடாது. இண்டக்ஷன் அடுப்பிலிருந்து இரண்டு அடி தள்ளி நிற்பது நல்லது. உடற்கொழுப்பைக் கணக்கிட உடம்புக்குள் மின்சாரம் செலுத்தும் எடைப்பொறியைத் தவிர்க்கவும். வெல்டிங் வேலை செய்பவர்கள், பெரிய ஜெனரேட்டருக்கு அருகில் பணிபுரிபவர்கள் வேலைக்குத் திரும்பும் முன் மருத்துவரிடம் தனியாகப் பேச வேண்டும். விமான நிலையத்தில் அட்டையைக் காட்டுங்கள். வாயில்சட்டம் வழியாக நிற்காமல் நடந்து செல்லலாம். கையில் பிடிக்கும் சோதனைக் கருவியை நெஞ்சின்மேல் நிறுத்தி வைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளலாம்.

காந்தத்தின் விளைவு கருவிக்குக் கருவி வேறு என்பதைக் கவனிப்பவர்கள் அறிந்திருக்க வேண்டும். பொதுவாகப் பேஸ்மேக்கர் மீது காந்தம் வைத்தால், இதயத்தின் சொந்தத் துடிப்பைப் பொருட்படுத்தாமல் நிலையான வேகத்தில் தூண்டத் தொடங்கும். ஐ.சி.டி. மீது வைத்தால் ஷாக் கொடுப்பதை நிறுத்திவைக்கும், அதன் பேஸ்மேக்கர் வேலை மாறாது. காந்தத்தை எடுத்ததும் பழைய நிலை திரும்பும்.

8. ஐ.சி.டி. ஷாக் கொடுத்தால்

இதைப் பொருத்திய நாளிலேயே குடும்பத்தினர் எல்லோரும் பேசி வைத்துக்கொள்ள வேண்டும். நெஞ்சில் யாரோ ஓங்கி உதைத்ததுபோல் இருந்தது என்றே பலரும் சொல்கிறார்கள். உணர்ந்தவுடன் உட்காருங்கள் அல்லது படுங்கள். ஒரே ஒரு ஷாக் வந்து, அதன்பின் உடல் நன்றாக இருந்தால், ஓட வேண்டியதில்லை. அன்றைக்கே மையத்துக்குத் தகவல் சொல்லிப் பரிசோதனைக்கு நேரம் கேளுங்கள். ஒரு ஷாக்கே வந்தாலும் நெஞ்சுவலி, மயக்கம், மூச்சுத் திணறல் இருந்தால், அல்லது ஒரே நாளில் இரண்டோ அதற்கு மேலோ வந்தால், அவசர ஊர்தியை அழைக்க வேண்டும். நோயாளியே வண்டி ஓட்டிக்கொண்டு வரக் கூடாது. அந்த நேரம் தொட்டுக்கொண்டிருப்பவருக்கு லேசான சுரீர் உணர்வு இருக்கலாம், தீங்கு நேராது. ஆகையால் அவரைப் பிடிக்கத் தயங்காதீர்கள். நினைவிழந்து, மூச்சும் இல்லை என்றால், கருவி பார்த்துக்கொள்ளும் என்று காத்திருக்காமல் நெஞ்சு அழுத்தத்தைத் தொடங்குங்கள். பொது இடங்களில் வைத்திருக்கும் ஏ.இ.டி. (உடலுக்கு வெளியிலிருந்து ஷாக் கொடுக்கும் தானியங்கிக் கருவி) கிடைத்தால் பயன்படுத்துங்கள். அதன் ஒட்டுப்பட்டையைக் கருவிக்கு நேர் மேலே ஒட்டாமல் 8 செ.மீ. அளவு தள்ளி ஒட்டினால் போதும்.

வந்த ஷாக் எல்லாம் தேவையான ஷாக் என்று கொள்ள முடியாது. வேகமாக ஓடும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனைக் கருவி தவறாகப் புரிந்துகொண்டிருக்கலாம், அல்லது லீடு முறிந்து அதில் எழும் இரைச்சலைத் துடிப்பு என்று எண்ணியிருக்கலாம். பரிசோதனையில் பதிவைப் பார்த்தால்தான் தெரியும். ஷாக் வாங்கியவர்களில் பலர் அடுத்த ஷாக்கை எண்ணி நடக்கவும், தனியாக உறங்கவும் அஞ்சுகிறார்கள். இதைக் கோழைத்தனம் என்று குடும்பத்தினர் சொல்வதைக் கேட்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும். அது இந்தச் சிகிச்சையோடு வரக்கூடிய உண்மையான துன்பம். அதை மருத்துவரிடம் சொல்லுங்கள். மன ஆலோசனையும், கருவியின் அமைப்பை மாற்றுவதும், மருந்தோ அப்லேஷனோ சேர்ப்பதும் உதவும். வாகனம் ஓட்டுவது பற்றிய விதிகள் நாட்டுக்கு நாடு வேறுபடுவதால், எத்தனை காலம் ஓட்டக் கூடாது என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

9. கருவி செய்யாத வேலைகள்

ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் உள்ளவருக்குப் பேஸ்மேக்கர் வைத்தாலும் மேலறைகளின் நடுக்கம் நிற்பதில்லை. நடுங்கும் மேலறையில் இரத்தம் தேங்கிக் கட்டியாகி மூளைக்குப் போகும் அபாயம் அப்படியே இருக்கிறது. அதைத் தடுப்பது பெரும்பாலும் இரத்தம் உறையாமல் காக்கும் மருந்துதான். 'மெஷின் வைத்தாகிவிட்டதே' என்று அந்த மாத்திரையை நிறுத்திவிட்டுப் பக்கவாதத்தோடு வந்தவரை நான் பார்த்திருக்கிறேன். வார்ஃபரின் என்றால், இரத்தம் உறையும் தன்மையைக் காட்டும் ஐ.என்.ஆர். அளவு பெரும்பாலோருக்கு 2 முதல் 3க்குள் இருக்க வேண்டும், அதைத் தவறாமல் சோதிக்க வேண்டும். துடிப்புக் கோளாறுக்கான அமியோடரோன் என்ற மருந்தைச் சாப்பிடுபவர்களுக்குத் தைராய்டு, கல்லீரல் பரிசோதனைகளும், நுரையீரல் மீது கவனமும் தேவை. கடுமையான வாந்தி, வயிற்றுப்போக்கு வந்தால் பொட்டாசியமும் மெக்னீசியமும் குறைந்து ஆபத்தான துடிப்புகள் கிளம்பக்கூடும் என்பதால், ஐ.சி.டி. உள்ளவர்கள் அதைச் சாதாரண உபாதையாக விட்டுவிடக் கூடாது.

10. வேறு சிகிச்சைக்குப் போகும்போது

எம்.ஆர்.ஐ. எடுக்க முடியாது என்ற காலம் மாறிவிட்டது. கருவி, லீடுகள் இரண்டும் எம்.ஆர்.ஐ.க்கு ஏற்றவையா, பயன்படாத பழைய லீடு உள்ளே இருக்கிறதா என்று பார்த்தே முடிவு செய்வார்கள். ஸ்கேனுக்கு முன் கருவியைத் தனி அமைப்புக்கு மாற்றுவார்கள். முடிந்ததும் பழைய அமைப்புக்குத் திரும்ப மாற்றிவிட்டார்களா என்று கேட்காமல் கிளம்பாதீர்கள், ஐ.சி.டி. என்றால் இதில் உயிரே அடங்கியிருக்கிறது. அறுவைச் சிகிச்சையில் இரத்தக் கசிவை நிறுத்தச் சுடும் மின்கருவிக்கும் இதே எச்சரிக்கை உண்டு. புற்றுநோய்க்கான கதிர்வீச்சு, சிறுநீரகக் கல்லை அதிர்வலையால் உடைத்தல் ஆகியவற்றுக்கும் முன்கூட்டித் தகவல் வேண்டும். பிசியோதெரபியில், மின்காந்த அலையால் உடலுக்குள் சூடேற்றும் ஷார்ட்வேவ் டயதெர்மி அறவே கூடாது. பல் சிகிச்சைக்கு, கருவி இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக ஆன்டிபயாட்டிக் தேவையில்லை.

11. பேட்டரி தீரும்போது, அதற்குப் பிறகும்

பேஸ்மேக்கர் பேட்டரி பொதுவாக 8 முதல் 15 ஆண்டுகள் வரையும், ஐ.சி.டி. அதைவிடக் குறைந்த காலமும் வரும். அது திடீரென்று நின்றுவிடாது. மாற்ற வேண்டிய நிலையை எட்டிய பின்னும் சுமார் மூன்று மாதம் ஓடும்படியே வடிவமைக்கிறார்கள். பரிசோதனைக்கே வராதவர்களுக்குத்தான் ஆபத்து. சில கருவிகள் அந்நிலையில் மின்சாரத்தை மிச்சப்படுத்த எளிய இயக்கத்துக்கு மாறிக்கொள்வதால், காரணமில்லாத களைப்பும் மூச்சிரைப்பும் முதல் அறிகுறியாக வரலாம். பேட்டரியைத் தனியாக மாற்ற இயலாது, பெட்டி முழுவதையும் மாற்ற வேண்டும். லீடுகள் நன்றாக இருந்தால் அவையே தொடரும். முதல்முறையைவிடச் சிறிய வேலை என்றாலும் தொற்று அபாயம் இதில் கூடுதல் என்பதால் நான்காம் பகுதியில் சொன்னவற்றைத் திரும்பப் படியுங்கள்.

குணமாக்க முடியாத நோயின் கடைசிக் கட்டத்தில் இருக்கும் ஒருவருக்கு ஐ.சி.டி. இருந்தால், இறக்கும் வேளையிலும் அது ஷாக் கொடுத்துக்கொண்டிருக்கலாம். அந்த வேதனையைத் தவிர்க்க ஷாக் வேலையை மட்டும் புரோகிராமர் கொண்டு அணைத்துவிட முடியும். அறுவை எதுவும் தேவையில்லை, அணைப்பதாலேயே உயிர் போய்விடுவதும் இல்லை. நோயாளி தெளிவாகப் பேசும் நிலையில் இருக்கும்போதே அவருடைய விருப்பத்தைக் கேட்டு மருத்துவரிடம் சொல்லி வையுங்கள். பேஸ்மேக்கர் இருப்பதால் உயிர் பிரியாமல் இழுத்துக்கொண்டிருக்கும் என்ற பயம் வேண்டாம். உயிர் பிரிந்த இதயத் தசை தூண்டலுக்குப் பதில் தருவதில்லை. உடலை எரியூட்டுவதாக இருந்தால், சூட்டில் பேட்டரி வெடிக்கும் என்பதால், கருவியை முன்னதாக அகற்ற வேண்டும். இறப்பு வீட்டில் நிகழ்ந்தாலும், சான்று எழுத வரும் மருத்துவரிடமும் தகனம் செய்பவர்களிடமும் கருவி இருப்பதை ஒருவர் பொறுப்பெடுத்துத் தெரிவிக்க வேண்டும்.